ஏழாவது இடம்

வண்ணார்பேட்டை பைபாஸில்
எங்கள் வீல் அலைன்மென்ட் கடைக்கு ஞாயிறு லீவு.
ஷட்டரை முக்கால் இறக்கி வைத்திருப்பேன்.
குனிந்து வருகிறவர்களுக்கு மட்டும் ரேஸ்.

வாரமெல்லாம் காம்பர், டோ காட்டுகிற திரையில்
இப்போது மட்கார்டு இல்லாத கார்கள்,
நாலு சக்கரமும் வெளியே தெரிய,
உடுப்பு மாற்றுகையில் கதவு திறந்துகொண்டாற்போல.

ஆறரைக்குத் தொடங்குமென்றால் ஆறுக்கே வந்துவிடுவார்
பல்கர் ஓட்டும் பரமார்த்தலிங்கம்.
தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றி நாகர்கோவில் போகிற வழி.
வண்டி எதிரே நிற்கும். இவர் பழைய டயர் அடுக்கில் உட்காருவார்.
மைதீன்கனி மிக்சர் பொட்டலத்தோடு வருவான்.
கடைசியாக ஸ்கூட்டரில் ஜெபராணி.
கண் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்கு
எழுத்துப் பலகையைக் குச்சியால் தொட்டுக் காட்டுகிற வேலை.

அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஹென்ரிக்.
நாற்பத்து மூன்று வயது. பதினாலாவதாகக் கிளம்புகிறார்.
மைதீன்கனி அவரைப் பாட்டையா என்பான்.

“பாட்டையாக்குப் பணம் கெடக்கு, புள்ளைக ரெண்டு கெடக்கு,
எறங்க வேண்டியதான? பத்தொம்பது வயசுப் பய ஒருத்தன்
ஹெல்மெட்ட மடில வச்சிக்கிட்டு வெளிய நிக்கான் பாரு.”

“நின்னா நிக்கட்டும்” என்றாள் ஜெபராணி.
“ஒனக்கு ஒரு டயர வச்சி முப்பது சுத்து ஓட்டத் தெரியுமால?
அந்தப் பயலுக்குத் தெரியுமா?”

என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது டயர்.
உள்விளிம்பு தேய்ந்து வந்தால் ஒரு குற்றம்,
வெளிவிளிம்பு என்றால் வேறு குற்றம்.
சீராகத் தேய்ந்திருந்தால் வயசு, அவ்வளவுதான்.
அதற்கு எங்கள் மிஷினில் பட்டன் கிடையாது.

பரமார்த்தலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
“எறங்கிரணும்.”
ஜெபராணி திரும்பிப் பார்த்தாள்.
“எதுத்த லைட்டு பூ மாதிரி விரியும்லா,
அதுக்கு முந்தியே எறங்கிரணும்.
வெரிஞ்ச பொறவு எறங்குதது எறங்குததுல சேராது.”

மேற்கே தென்காசிப் பக்கம் சாரலாம்.
எங்களுக்கு வெறும் காற்று, ஷட்டரைத் தட்டிக்கொண்டு.
மழை அங்கே பெய்தது, திரைக்குள்.
ஒவ்வொரு காராக டயர் மாற்ற உள்ளே ஓடியது.
ஹென்ரிக் மட்டும் வரவில்லை.
வழுவழுத்த அதே டயரில் அவர் பாட்டுக்குப் போனார்,
எண்ணெய் சிந்திய தரையில் தெரிந்தவன் நடக்கிற மாதிரி.
முன்னால் ஒருவன் சுழன்றான். இன்னொருவன் சுவரில்.
பன்னிரண்டு. பத்து. ஒன்பது.
மைதீன்கனி மிக்சரை மறந்து “ஏ பாட்டையா” என்று கத்தினான்.

பரமார்த்தலிங்கத்தின் வலது கால்
தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு வளைவுக்கும்.
லைவ் என்றாலும் கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பார்கள்.
இவர் கால் அதற்கும் பிந்தி.
நான் பார்த்தேன். நான் பார்ப்பதை
ஜெபராணி பார்த்தாள்.

ஏழாவது.
ஏழாவதுக்கு மேடை இல்லை, மாலை இல்லை.
காரிலிருந்து எழும்ப அவருக்கு நேரம் பிடித்தது.
யாரோ கை நீட்டினார்கள். வாங்கிக்கொள்ளவில்லை.
குனிந்து, சூடான முன்சக்கரத்தைத்
தட்டிக்கொடுப்பதற்குள் கேமரா
ஜெயித்த பையனிடம் போய்விட்டது.

ஷட்டரைத் தூக்கினேன். புழுதி முகத்தில் அடித்தது.
தூரத்தில் ஒரு பஸ்.
“அண்ணே, அது எந்தூரு வண்டி?” என்றாள் ஜெபராணி,
சும்மா கேட்கிற மாதிரி.
அவர் கண்ணைச் சுருக்கவேயில்லை.
“கோயில்பட்டி. எட்டேகாலுக்கு வேற எது வரும்?”
பக்கத்தில் வந்தபோது படித்தோம்.
கோவில்பட்டிதான்.

ஹெல்மெட் வாரை மாட்டியபடி அவள் சொன்னாள்:
“புதங்கெழம நான் டூட்டிலதான் இருப்பேன்.”
“மழ வந்தா பாப்பம்” என்றார்.

பல்கர் உறுமி ரோட்டில் ஏறியது.
அதன் வைப்பர் ஒருமுறை ஆடியது,
இன்னொரு முறை,
ஒரு துளியும் விழாத கண்ணாடியில்.